ஐந்து வீட்டுக் கிணறும் நான் அழித்த நான்கு நிரைகளும்

அன்பு மகனே,

நீ போய் இன்றைக்குப் பத்து நாள். அப்பாவின் முதலாம் வருட ஆட்டைத்திவசத்துக்கு வந்து, வந்த சனத்துக்கெல்லாம் வாழையிலை போட்டுப் பரிமாறி, மிஞ்சிய கறியை அயல் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கிடாரங்களைக்கூட நீயே கழுவிவைத்துவிட்டுப் போனாய். கொழும்பு பஸ்ஸுக்குப் புறப்படும்போது கேற்றடியில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, ஆறாவது பயிற்சி செய்தனீங்களோ?" உன் பையின் பூட்டைச் சரிபார்ப்பவள்போலக் குனிந்துகொண்டு, "ஓம், ஓம், அது எப்பவோ முடிஞ்சுது" என்றேன். நீ என் முகத்தை ஒருதரம் பார்த்தாய். "சரி அம்மா, போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னாய். நான் சொன்னது பொய். அது உனக்கும் தெரிந்திருக்கும். மற்றப் பயிற்சிகளின் விடையெல்லாம் நீ அனுப்பிய அன்றைக்கே உனக்கு வந்துவிடும். ஆறாவது மட்டும் வரவே இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள், எழுபத்து நான்கு வயதில், வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்று பெற்ற பிள்ளைக்கு முன்னால் பொய் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கப்போவதில்லை. எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். இதையே கொடுக்கப்போகிறேன். என் பிழை ஊர் முழுக்க வீடுவீடாகப் போனது. திருத்தமும் அதே வழியால் போவதுதான் முறை.

அப்பா போனபிறகு நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அழுதுகொண்டு இருக்கவில்லை, அது எனக்குப் பழக்கமில்லாத காரியம். குற்றம் பிடித்துக்கொண்டு இருந்தேன். மரக்கறிக்காரன் நிறுக்கிற விதம் பிழை, கோயில் துண்டுப்பிரசுரத்தில் ஒற்று விட்டது பிழை, பக்கத்து வீட்டார் மதிலுக்கு அடித்த நிறம் பிழை. எல்லாவற்றையும் மெல்பேர்ணில் இருக்கும் உனக்கு அழைத்துச் சொன்னேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. கோயிலுக்குப் போங்கோ, யாத்திரை போங்கோ என்று மற்றவர்களைப்போலச் சொல்லவுமில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் உன் பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினிக் கோப்பு ஒன்று அனுப்பினாய். "அம்மா, இதிலை இருபது பிழை வைச்சிருக்கிறன். பிடியுங்கோ பாப்பம்."

நாற்பது பேரின் பெயர், பிறந்த திகதி, வேலையிலிருந்து இளைப்பாறிய திகதி, ஊர். எல்லாம் நீ கற்பனை செய்த ஆட்கள். ஒருவருக்குத் திகதி முன்னால், இன்னொருவருக்கு மாதம் முன்னால். ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒருவர் பிறப்பதற்கு முன்னமே இளைப்பாறியிருந்தார். தேநீர் ஆறுவதற்குள் இருபத்து மூன்று பிழை பிடித்து அனுப்பினேன். நீ சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. "அம்மா, இருபதுதான் நான் வைச்சது. மிச்சம் மூண்டும் என்ரை சொந்தப் பிழை." அன்றைக்கு, அப்பா போனபிறகு முதல் தடவையாக நான் பசித்துச் சாப்பிட்டேன். அதற்கு உனக்கு நன்றி சொல்லவேயில்லை. இப்போது சொல்கிறேன்.

தரவுகளை உருமாற்றுவது என்றால் என்ன என்று கேட்டேன். பலர் பலவிதமாக எழுதிவைத்த விபரங்களைத் துப்புரவாக்கி, பிரிக்க வேண்டியதைப் பிரித்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, இன்னொருவர் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருவது என்று விளக்கினாய். "இதுக்கோ உனக்கு அங்கை சம்பளம் தாறாங்கள்?" என்றேன். "ஓம் அம்மா, இதுக்குத்தான்." உன்னை டொக்டராக்க ஆசைப்பட்டு, நீ கணிதம் படிக்கப்போன நாள்தொட்டு, யாரும் கேட்டால் "ஏதோ கொம்பியூட்டர் வேலை" என்று வாய்க்குள் முனகிவந்தவள் நான். உன் தொழில் என்ன என்பதை, நீ எனக்குத் தந்த பயிற்சியைச் செய்து பார்த்துத்தான் அறிந்தேன். கேட்டு அறிந்திருக்கலாம். கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் ஒன்று வந்தது. பாடம் நடத்தவில்லை நீ. புத்தகம் வாசிக்கச் சொல்லவில்லை. ஒரு குழம்பிய பட்டியலைத் தந்து, "செய்து பாருங்கோ, பிழைச்சால் திருப்பிச் செய்யுங்கோ" என்றாய். ஒரேயொரு கட்டளைதான் போட்டாய். முதலில் வந்த பட்டியலைத் தொடக்கூடாது, அதைப் பிரதி எடுத்து, பிரதியில்தான் கை வைக்க வேண்டும். கைகள் கற்றுக்கொண்டன. முழுப்பெயரை நெடுக்காக இரண்டு நிரலாகப் பிரிக்கக் கற்றேன். இரண்டு பட்டியல்களை ஒரு பொது இலக்கத்தை வைத்துப் பொருத்தக் கற்றேன். இரவல் மூளையால் செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் வரவில்லை. அப்படித்தான் நீ அந்தப் பயிற்சிகளைக் கட்டியிருந்தாய்.

இந்த இடத்தில் உன் எட்டாம் வகுப்புப் பயற்றங்கன்று ஞாபகம் வருகிறது. உனக்கும் மறந்திராது. விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு பயற்றை முளைக்கவைத்து, பதினான்கு நாளும் அதன் உயரத்தை அளந்து எழுத வேண்டும். ஒன்பதாம் நாள் உன் கொப்பியில் உயரம் குறைந்திருந்தது. கன்று எப்படியடா குறையும் என்றேன். நுனியைக் கோழி கொத்திப்போட்டுது என்றாய். வரைபில் கோடு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. எனக்கு அந்தப் பள்ளம் பிடிக்கவில்லை. தாளைக் கிழித்து, ஒன்பதாம் நாளுக்கு ஒரு நல்ல உயரத்தை நானே சொல்லி, திரும்ப எழுதவைத்தேன். "குறைஞ்சது குறைஞ்சதுதானே அம்மா, நான் கண்டதைத்தானே எழுதினனான்" என்று அழுதாய். உனக்கு முழுப் புள்ளி கிடைத்தது. "பாத்தியோ?" என்றேன். அப்பா அன்றைக்குப் பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார்: "நீர் பிழை பிடிக்கிறதிலை கெட்டிக்காரி. உம்மடை பிழையைப் பிடிக்கத்தான் ஊரிலை ஆளில்லை." இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கொப்பியில் குறைந்த நாள் குறைந்ததாகவே இருக்கட்டும். வடிவுக்காக ஒன்றையும் மாற்றவைத்துவிடாதே.

ஆறாவது பயிற்சிக்கு வருகிறேன். திறந்து பார்த்தேன். கோயில் திருவிழாச் செலவை ஏற்றுச் செய்யும் உபயகாரர் பட்டியல். பத்து நாள் திருவிழாவுக்கு இருபத்தேழு நிரை, அதாவது குறுக்காக இருபத்தேழு வரி. முதல் கேள்வி: "இந்தப் பட்டியலிலை ஒரு நிரை எதைக் குறிக்குது எண்டு ஒரு வசனத்திலை எழுதுங்கோ." இது என்ன, பாலர் வகுப்புக் கேள்வி என்று எனக்கு ரோசம் வந்தது. மேற்கொண்டு வாசிக்காமல் மூடினேன். ஏழாவதுக்குப் போனேன். அது இரட்டித்து வந்த நிரைகளை நீக்குகிற பயிற்சி. ஒரு பொத்தானை அழுத்தியவுடன் மீண்டும் மீண்டும் வருவதெல்லாம் மறைந்து, பட்டியல் கஞ்சிபோட்டு மடித்த சேலைபோல நிற்கும். எனக்காகவே செய்த பொத்தான் என்று நினைத்தேன்.

நீ வருவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னர்தான் எங்கள் பகுதிக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதிக்க எடுத்துக்கொண்டு போனார்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் நிலத்தடிக்கு இறங்கி, சில கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருந்தது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்து மாப்பாலாகக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாயும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சுகாதாரப் பரிசோதகர் நிலையத்தில் எங்கள் சிலருக்குக் கூட்டம் வைத்துச் சொன்னார். கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும் என்றார். வீடுவீடாகப் பெயரும் கிணற்று இலக்கமும் எழுதிவந்த பட்டியல் ஒன்று, பரிசோதனை முடிவுகள் இன்னொன்று. இரண்டையும் பொருத்தித்தர ஆள் இல்லாமல் நிலையத்தார் விழித்தார்கள். நான் செய்கிறேன் என்றேன். அவர்கள் என்னை நம்பினார்கள். இலக்கத்தை வைத்துப் பொருத்தினேன். ஒரே கிணறு பலதரம் வந்தது. எழுதிய பிள்ளைகள் கவனமில்லாமல் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, பெயரைப் பாராமல் கிணற்று இலக்கத்தை மட்டும் வைத்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். அறுபத்தொரு நிரை முப்பத்தெட்டு ஆனது. அச்செடுத்துப் பார்த்தபோது ஒரு எழுத்தும் பிசகவில்லை. அந்தப் பட்டியலின்படிதான் ஒவ்வொரு பெயருக்கும் கிணற்று முடிவு எழுதிய அறிவித்தல் துண்டு போனது.

நீ புறப்பட்ட மறுநாள் காலை சாமியறையில் விளக்கேற்ற மனம் வரவில்லை. பொய்யைக் கழுவாமல் நெருப்புக்குச்சி தட்டுவது எப்படி என்று இருந்தது. கன்னியாஸ்திரிமார் எனக்குள் வைத்துவிட்டுப் போனது இது ஒன்றுதான், ஆனால் நன்றாக வைத்துவிட்டுப் போனார்கள். மடிக்கணினியைத் திறந்து ஆறாவது பயிற்சியை எடுத்தேன். இரண்டாவது கேள்வி: "இப்ப, ஒரு நாள் திருவிழாவுக்கு ஒரு நிரை மட்டும் இருக்கட்டும் எண்டு மிச்சத்தை அழியுங்கோ. அழிச்சாப்பிறகு ஆருக்குக் காளாஞ்சி மரியாதை கிடைக்காமல் போகும்? சண்டை எந்த வீட்டிலை துவங்கும்?" வாய்விட்டுச் சிரித்தேன். மூன்றாம் நாள் திருவிழாவை ஐந்து குடும்பம் சேர்ந்து செய்கிறது. நாலு பேரின் பெயரை அழித்தால் கோயில் வீதியில் அடிபிடிதான். அந்த நிரை திருவிழாவைக் குறிக்கவில்லை, திருவிழாவில் பங்கு உள்ள ஒரு குடும்பத்தைக் குறிக்கிறது என்று விடை எழுதினேன். எழுதி முடிக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் கிணற்றுக்கும் பங்கு உண்டு. காணியை ஐந்து பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்தால், வீடு ஐந்தாகும், வேலி ஐந்தாகும். கிணறு மட்டும் பொதுவாக நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வளர்ந்த வீட்டிலேயே பங்குக் கிணறுதான். ஆனாலும் திரையில் ஒரே இலக்கம் ஐந்துதரம் வந்தபோது எனக்குப் பிழைதான் தெரிந்தது, ஐந்து அடுப்புகள் தெரியவில்லை. உன் கட்டளைப்படி தொடாமல் வைத்திருந்த முதல் பட்டியலைத் திறந்தேன். பதினேழாம் இலக்கக் கிணறு, நைத்திரேற்று மிகக் கூடியது. அதற்கு ஐந்து நிரை. பொத்தான் முதல் நிரையை மட்டும் விட்டுவைத்திருந்தது. அது மூத்த சகோதரியின் பெயர். அவர் கனடாவுக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கிறது. அழிந்த நான்கில் ஒன்று தவமணியின் வீடு. அந்த வீட்டில் தவமணியின் மகள் கலைவாணிக்கு இரண்டு மாதக் குழந்தை. தாய்ப்பால் போதாமல் மாப்பால் கொடுக்கிறார்கள் என்று உன் அப்பாவின் திவசத்தன்றுதான் தவமணி சொல்லியிருந்தாள்.

குடை எடுக்கவும் தோன்றாமல் நடந்தேன். தவமணி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இந்த வெய்யிலுக்குள்ளை? முகமெல்லாம் ஒரு மாதிரி. இருங்கோ, தண்ணி கொண்டு வாறன்."

"தண்ணி வேண்டாம். பிள்ளைக்கு எந்தத் தண்ணியிலை மா கரைக்கிறியள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான். வடிவாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம். கலை மணிக்கூட்டைப் பாத்துத்தான் அடுப்பாலை இறக்குவாள்."

கலைவாணி கையில் பால்போத்தலோடு வாசலுக்கு வந்தாள். "அதைக் குடுக்காதை பிள்ளை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பட்டியல் போட்டது நான், உங்கள் வீட்டை அழித்தது நான், துண்டு வராததற்கு வேறு யாரும் காரணமில்லை என்றேன்.

தவமணி கையில் இருந்த மிளகாயை உதறிவிட்டு எழும்பினாள். பேசத் தொடங்கியபிறகு நிற்கவில்லை. "எங்கடை பெரியக்காவின்ரை பூட்டின கேற்றுக்குள்ளையோ போட்டனீங்கள்? அவ கனடாவிலை இருந்து வந்து எடுத்து வாசிப்பா எண்டு நினைச்சனீங்களோ? ஆரின்ரை கலியாணக் கார்ட்டிலையும் எழுத்துப் பிழை பிடிக்கிற மனிசி நீங்கள்! எங்கடை வீடு உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியேல்லை, தவமணி" என்றேன். 

கலைவாணி போத்தலைத் தலைகீழாகப் பிடித்து முற்றத்து மண்ணில் ஊற்றினாள். "எத்தினை நாள் பெரியம்மா?" என்றாள். "துண்டு குடுத்துப் பன்ரண்டு நாள்." "பிள்ளைக்கு என்ன செய்யும்?" "எனக்குத் தெரியாது." அவள் போனைத் தேடி உள்ளே ஓடினாள். மருத்துவமாதுவுக்குப் போன் எடுத்தாள், புருஷனுக்கு எடுத்தாள், ஓட்டோ வந்தது, பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

நான் மற்ற மூன்று வீட்டுக்கும் போனேன். பிறகு நிலையத்துக்குப் போய்த் தலைவரிடம் சொன்னேன். "அன்ரி, தெரியாமல் நடந்ததுதானே, நாங்கள் பேசாமல் புதுத் துண்டு குடுத்து விடுவம்" என்றார், என்மேல் உள்ள மரியாதையால். பேசாமல் விடக்கூடாது என்று சொன்னேன். முதல் பட்டியலில் இருந்து மறுபடி தொடங்கினேன். வேறு பங்குக் கிணறுகளும் இருந்தன. அவற்றின் தண்ணீர் நல்லது என்றாலும் அந்த வீட்டுக்காரர் அதை அறிந்திருக்கவில்லை. இந்தமுறை பொத்தானை நம்பி இருக்கவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் குடிக்கிற தண்ணி எந்தக் கிணத்திலை அள்ளுறது?" என்று அறுபத்தொரு வீட்டிலும் கேட்டேன். இரண்டு வீடு குளிக்க ஒரு கிணறு, குடிக்க இன்னொன்று என்றது. அது எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தையல் பாடத்தில் எங்கள் சிஸ்டர் துணியின் மேற்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப்போட்டு அடிப்பக்க நூலைத்தான் பார்ப்பார். அவரிடம் முதற்பரிசு வாங்கியவள், ஒரு அச்சுத்தாளின் மேற்பக்கத்தைப் பார்த்து மயங்கிப் போனேன்.

கலைவாணி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு மாலை, நீ போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்ல எடுத்தாய். "எல்லாம் சுகமோ அம்மா?" என்றாய். "சுகம்" என்றேன். அது இரண்டாவது பொய். பிள்ளையின் நிலைமை தெரியாமல் உனக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நீ வேலை செய்யும் இடத்திலும் இப்படி ஒரு நாள் வரலாம். உன் பட்டியலால் யாரோ ஒருவருக்குத் துண்டு போகாமல் விடலாம். அப்போது வெய்யிலைப் பார்க்காதே, தலைவர் சொல்லும் சமாதானத்தையும் கேளாதே. நேரே அந்த வீட்டுக்குப் போ. அவர்கள் திட்டி முடியும்வரை நில். உன்னை வளர்த்த காலத்தில் இதை நான் சொல்லித்தரவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை. பிழை இல்லாமல் இருப்பது எப்படி என்று மட்டும் உனக்குப் படிப்பித்தேன். பிழை விட்டபிறகு எப்படி இருப்பது என்பதை நீதான் ஞாயிறு ஞாயிறாக எனக்குப் பழக்கினாய், திருப்பிச் செய்யுங்கோ, திருப்பிச் செய்யுங்கோ என்று சொல்லி. உன்னை அதட்டி வளர்த்த தாய்க்கு நீ ஒருதரம்கூட அதட்டாமல் கற்றுத்தந்தாயே, அதை எங்கேயிருந்து எடுத்தாய் என்று யோசித்தேன். அப்பாவிடம் இருந்துதான். என்னிடம் இருந்திருக்க முடியாது.

அது நடந்து நான்காம் நாள் காலையில் கேற்றில் தட்டும் சத்தம் கேட்டது. கலைவாணி பிள்ளையோடு நின்றாள். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். இப்போது போத்தல் தண்ணீரில்தான் மா கரைக்கிறாளாம். நல்ல காலத்துக்கு வேளைக்குத் தெரிந்தது என்று டொக்டர் சொன்னாராம். இதையெல்லாம் என் முகத்தைப் பாராமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.  மன்னிப்புக் கேட்டால் அது அவள்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகப் பட்டது. போகத் திரும்பியவள் நின்றாள். துவாயை விலக்கி, பிள்ளையை என் பக்கம் நீட்டினாள்.

"உங்கடை கண்ணாலை வடிவாப் பாருங்கோ, பெரியம்மா. ஏதும் பிழை இருந்தால் சொல்லுங்கோ."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். பத்து விரல் நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கால் நகங்களையும் விடவில்லை. எல்லாம் ரோசா நிறம். பிள்ளை என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நாங்கள் இரண்டு பேரும், பிள்ளை தானாகக் கையை விடும்வரைக்கும், கேற்றடியில் அப்படியே நின்றோம்.

உன் அம்மா